ஆழமறிந்து நீந்துதல்

நிலத்தில் நடப்பவன் கால் இடறினால் நின்றுகொள்ளலாம். மிதிவண்டியிற் செல்பவன் களைத்தால் இறங்கி இளைப்பாறலாம். நீரில் நீந்திச் செல்பவனுக்கோ நிற்பதற்கு இடமில்லை. கால் ஊன்ற நிலமும் கை பற்றச் சுவரும் இல்லாத இடத்தில் அவனுக்குத் துணையாவன அவன் பெற்ற பயிற்சியும், ஒழுங்குபட்ட மூச்சும், கலங்காத உள்ளமுமே ஆகும். 'ஆழமறிந்து காலை விடு' என்று நம் முன்னோர் கூறினர். நீரின் ஆழத்தை மட்டுமன்றித் தன் ஆற்றலின் ஆழத்தையும் அறிந்து இறங்குக என்பதே அப்பழமொழியின் கருத்தாகும். சிறிதளவே நீந்தத் தெரிந்த ஒருவன், கடல், ஏரி, ஆறு போன்ற திறந்த நீரில் நடைபெறும் போட்டிக்குத் தன்னை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகின்றது.

முப்பகுதிப் போட்டி

நீச்சல், மிதிவண்டிச் செலவு, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருவரே இடையறாது செய்து முடிக்கும் போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். 'மூன்று', 'போட்டி' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் ஆக்கப்பட்டது. இக்காலத்து டிரையத்லான், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரத்து மிஷன் குடாவில், 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் தொடங்கியது. அந்நகரத்து ஓட்டக்காரர் கழகம் ஒன்று அதனை நடத்தியது. 46 பேர் கலந்துகொண்டனர். அவர்களுட் பலர் ஓட்டத்தில் வல்லவர், நீச்சலில் வல்லரல்லர். மாலையில் தொடங்கிய போட்டி முடிவதற்குள் இருள் சூழ்ந்துவிட்டது. கரையிலிருந்தோர் மோட்டார் வண்டிகளின் விளக்குகளை ஏற்றிக் கடைசியில் வந்தோர்க்கு வழி காட்டினர்.

அம்முதற் போட்டியில் ஓட்டமே முதலில் நிகழ்ந்தது. நீச்சல் பின்னரே வந்தது. இப்பொழுதோ நீச்சலே முதலில் வைக்கப்படுகின்றது. இம்மாற்றத்தின் பயன் எளிதில் விளங்குவதே. களைத்த கால்களோடு ஓடுபவன் கீழே விழுவான், எழுந்துகொள்ளலாம். களைத்த உடம்போடு நீரில் இறங்குபவன் அமிழ்ந்துபோவான். ஆகவே உடல் புத்துணர்வோடு இருக்கும்போதே நீரைக் கடந்துவிடுதல் நலம்.

2000ஆம் ஆண்டில் சிட்னி நகரத்து ஒலிம்பிக் விழாவில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றது. 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பன அங்கு வகுக்கப்பட்ட அளவுகள். புதியோர் பெரும்பாலும் இவற்றிற் பாதியளவுள்ள குறும்போட்டியில் முதலிற் கலந்துகொள்வர். அதில் நீச்சல் 750 மீட்டர்.

இடர் எங்கே உள்ளது?

மூன்று பகுதிகளுள் நேரத்தால் மிகச் சிறியது நீச்சலே. ஆயினும் இடரால் பெரியதும் அதுவே. அமெரிக்க நாட்டு டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த இறப்புகளையும் திடீர் இதய நிறுத்தங்களையும் மருத்துவர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட 135 நிகழ்ச்சிகளுள் 90 நீச்சற் பகுதியில் நேர்ந்தவை. மெலிந்தோர் மட்டுமன்றி நெடுநாள் பழகியோரும் நீரில் இடருற்றனர். ஆதலால், ஆயத்தம் என்பது வெற்றிக்கு உரிய வழி மட்டுமன்று. உயிர்க்கு உரிய காவலும் ஆகும். போட்டியில் இறங்க எண்ணுவோர், நடுவயதினர் சிறப்பாக, மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

மூச்சே முதற் பாடம்

நீச்சலில் மெலிந்தோர் பலர், 'என் கைகளில் வலியில்லை' என்று எண்ணுவர். உண்மையில் அவர்களுக்குக் குறையாயிருப்பது வலிமையன்று, மூச்சின் ஒழுங்கே. அவர்கள் முகத்தை நீரில் ஆழ்த்தியவுடன் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். அடக்கிய மூச்சில் கரியமிலவாயு பெருகுகின்றது. அது பெருகப் பெருக, மூச்சுத் திணறும் உணர்ச்சி எழுகின்றது. தலையை உயர்த்தியபின், முன்னிருந்த காற்றை வெளிவிடவும் புதிய காற்றை உள்ளிழுக்கவும் ஒரே நொடியில் முயல்கின்றனர். இரண்டும் செவ்வையாக நடைபெறுவதில்லை. இருபத்தைந்து மீட்டர் செல்வதற்குள் இளைத்துவிடுகின்றனர்.

இதற்கு மருந்து எளியது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, முகத்தை ஆழ்த்தி, மூக்காலும் வாயாலும் காற்றைக் குமிழிகளாக மெல்ல வெளிவிடப் பழகுதல் வேண்டும். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளிழுத்தல் வேண்டும். நீருக்குள் வெளிவிடுதல், நீருக்கு மேல் உள்ளிழுத்தல் என்னும் இம்முறை, நடக்கும்போது மூச்சு விடுவதைப் போல நினைவின்றி நிகழுமளவும் பழகுதல் இன்றியமையாதது. வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி மூச்சு வாங்கப் பழகியவனுக்குக் கடலில் ஒரு நன்மை உண்டு. அலை ஒரு பக்கத்திலிருந்து மோதும்போது அவன் மறுபக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

அடுத்து அறிய வேண்டுவது உடம்பின் கிடை. நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு செறிவுடையது. விரைவை இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே நீரோடு மற்போர் செய்பவன் தோற்பான். நீருக்கு இடங்கொடாமல் ஒடுங்கிச் செல்பவன் வெல்வான். மார்பில் காற்றுப் பைகள் இருத்தலால் மார்பு மிதக்கும், கால்கள் தாழும். தலையை உயர்த்தினால் கால்கள் மேலும் தாழும். ஓட்டக்காரர் பலர் தாழ்ந்த கால்களை உயர்த்தக் கருதி நீரை வன்மையாக உதைப்பர். அதனால் களைப்பே மிகும். முகத்தைக் கீழ்நோக்கி வைத்து, மார்பைச் சற்றே அழுத்தினால், இடுப்பும் கால்களும் தாமே உயரும்.

குளத்துப் பயிற்சி

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். 750 மீட்டர் என்பது 25 மீட்டர் நீளமுள்ள நீச்சற் குளத்தில் 30 முறை செல்லும் தொலைவு. முதல் நாளே முப்பது முறையும் சென்றுவிட முயலுதல் பேதைமை. ஒரு முறை சென்று, மூச்சு அடங்கும்வரை நின்று, மீண்டும் செல்லுதல் வேண்டும். நாளடைவில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, செல்லும் தொலைவைக் கூட்டுதல் வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் வீதம் சில திங்கள் தவறாது பழகுதல், ஒரே நாளில் நெடுநேரம் வருந்துதலினும் சிறந்தது. போட்டிக்கு முன் 1,000 மீட்டரைப் பதற்றமின்றிக் குளத்தில் நீந்தக் கூடியவன், 750 மீட்டருக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் குளம் வேறு, கடல் வேறு. குளத்தில் அடித்தளக் கோடு வழி காட்டும்; கடலில் அடித்தளமே தெரியாது. குளத்தில் இருபத்தைந்து மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். கடலில் சுவரே இல்லை. குளத்தில் ஒருவன் தனக்கென ஒரு பாதை உடையவன். போட்டியில் பலருடைய கைகளும் கால்களும் அவன்மேல் படும். ஆகவே இவ்வேறுபாடுகளைக் குளத்திலேயே ஓரளவு பழகிக்கொள்ளல் நலம். சுவரைத் தொடாமல், அதற்கு முன்னரே திரும்பி நீந்துதல் ஒரு பயிற்சி. மூவர் ஒரே பாதையில் தோளோடு தோள் உரசி நீந்துதல் மற்றொரு பயிற்சி. கண்ணை மூடிச் சில வீச்சுகள் நீந்தி, தான் எப்பக்கம் சாய்கின்றான் என்று அறிதல் மூன்றாவது பயிற்சி. ஒரு கை மற்றதினும் வலிமையுடையதாக இருப்பதால் பெரும்பாலோர் ஒருபுறமே விலகிச் செல்வர். அதனை அறிந்தவன் திருத்திக்கொள்வான். அறியாதவன் 750 மீட்டர்ப் போட்டியில் 900 மீட்டர் நீந்துவான்.

கரை காணாமை

திறந்த நீரில் திசை காணுதல் ஒரு தனிக் கலை. ஆறு முதல் பத்து வீச்சுகளுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீர்மட்டத்திற்கு மேல் வருமாறு தலையைச் சற்றே உயர்த்தி, முன்னே நோக்கி, உடனே முகத்தைப் பக்கத்தே திருப்பி மூச்சு வாங்குதல் வேண்டும். முதலை நீருக்கு மேல் கண்களை மட்டும் காட்டுமன்றோ? அதுவே இதற்கு உவமை. அலைகளிடையே சிறு மிதவைகள் மறைந்துவிடும். ஆதலால் மிதவைக்குப் பின்னே கரையில் உள்ள உயர்ந்த மரம், கோபுரம், குன்று ஆகியவற்றுள் ஒன்றை முன்னரே அடையாளமாகக் கொள்ளுதல் நலம்.

கரை காணாமை எத்துணைத் துன்பம் தருவது என்பதை அமெரிக்க நீச்சல் வீராங்கனை புளோரன்சு சாட்விக் என்பாரின் வரலாறு காட்டுகின்றது. 1950இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து புகழ்பெற்றவர் அவர். 1952ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், காட்டலினா தீவிலிருந்து கலிபோர்னியாக் கரைக்கு நீந்தத் தொடங்கினார். கடல் குளிர்ந்திருந்தது, மூடுபனி கடலைப் போர்த்திருந்தது. பதினைந்து மணி நேரத்திற்கு மேல் நீந்தியபின் தம்மைப் படகில் ஏற்றிக்கொள்ளுமாறு வேண்டினார். படகில் ஏறிய பின்னரே கரை ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் இருந்தமை அவருக்குத் தெரிந்தது. கரையைக் கண்டிருந்தால் கடந்திருக்கக் கூடும் என்று அவர் பின்னர்க் கூறினார். அவரை வென்றது கடலன்று, கரை தெரியாமையே. இரண்டு திங்கள் கழித்து, செப்டம்பர் 20ஆம் நாள், அவர் மீண்டும் இறங்கி, 13 மணி 47 நிமிடத்தில் அக்கடலைக் கடந்தார். அதனைக் கடந்த முதற் பெண்மணி அவரே.

குளிரும் அச்சமும்

நீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்ந்து செல்லும். குளிர்ந்த நீரில் திடீரெனப் பாய்பவனுக்குத் தன்னையறியாமலே மூச்சு உள்ளிழுக்கப்படும், மார்பு இறுகும், இதயம் விரைந்து துடிக்கும். அந்நேரத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குட் புகும். இவ்வதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் மிகுந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். அது தணியும் என்பதை அறிந்தவனே அதனைப் பொறுப்பான். அறியாதவன், 'நான் இறக்கின்றேன்' என்று எண்ணிக் கைகால்களை உதறுவான்.

ஆதலின் குளிர்நீரில் மெல்ல மெல்ல இறங்குதல் வேண்டும். முதலில் கைகளையும், பிறகு கழுத்தையும் முகத்தையும் நனைத்துக்கொண்டு, மூச்சு அமைதியுற்ற பின்னரே நீந்தத் தொடங்குதல் வேண்டும். குளிர் நாடுகளில் நீந்துவோர் ரப்பரால் ஆகிய இறுகிய நீச்சலுடை அணிவர். அது குளிரைத் தடுப்பதோடு உடம்பை மிதக்கவும் செய்யும். ஆயினும் கழுத்தை இறுக்கும் புதிய உடையைப் போட்டி நாளன்று முதன்முதல் அணிதல் தவறு. மூச்சுத் திணறலுக்கு அதுவே காரணமாகிவிடலாம். நீரின் வெப்பநிலை குறித்த அளவுக்கு மேற்பட்டால் அவ்வுடைக்குப் போட்டி விதிகள் இடந்தரா. ஆகவே உடையை நம்பி நீச்சலைக் கல்லாதிருத்தல் கூடாது.

நடுநீரில் அச்சம் எழுமானால் செய்யத்தக்கது ஒன்றே. மல்லாந்து மிதத்தல் வேண்டும். காதுகள் நீரில் அமிழ, முகம் வானை நோக்க, கைகளை விரித்து மிதந்தால், வாயும் மூக்கும் நீருக்கு மேல் இருக்கும். மூச்சு ஒழுங்குறும். மூச்சு ஒழுங்குற்றால் உள்ளமும் ஒழுங்குறும். மல்லாந்து மிதக்கத் தெரியாதவன், எவ்வளவு விரைவாக நீந்தினாலும், திறந்த நீருக்கு உரியவன் ஆகான்.

கடலில் இழுப்புநீரோட்டம் என்பது ஒன்று உண்டு. அது கரையிலிருந்து கடல்நோக்கி ஓடும் ஒடுங்கிய நீரோட்டம். அதில் அகப்பட்டவன் அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்தினால் வலிமை இழப்பான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரைநோக்கித் திரும்புதல் வேண்டும். திறந்த நீரில் எக்காலத்தும் தனித்து நீந்தலாகாது. காண்போர் கண்ணிற்படும் நிறமுள்ள தலையுறையும், இடுப்பிற் கட்டி இழுத்துச் செல்லும் மிதவைப் பையும், கரையில் அல்லது படகில் ஒரு துணைவரும் வேண்டும். முதற் பயிற்சிகளைக் கால் ஊன்றக் கூடிய ஆழத்தில், கரைக்கு இணையாகவே செய்தல் வேண்டும்.

போட்டி நாள்

போட்டி நாளன்று வலியோர் முன்வரிசையை நாடுவர். மெலியோனுக்கு ஏற்ற இடம் பின்வரிசையின் ஓரமே. ஏனையோர் புறப்பட்டபின் பத்து நொடி பொறுத்துப் புறப்படுவதால் அவன் இழப்பது பத்து நொடியே. பெறுவதோ அமைதியான நீர். முதல் இருநூறு மீட்டரை, மிக மெதுவாகச் செல்கின்றேனோ என்று தனக்கே ஐயம் தோன்றுமளவு மெதுவாக நீந்துதல் வேண்டும். பிறர் தன்னைக் கடந்து செல்வது கண்டு உள்ளம் கொதித்தல் கூடாது.

போட்டி விதிகளும் மெலியோனுக்கு இரக்கம் காட்டுகின்றன. எம்முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம். களைத்தவன் மிதவையையோ நிற்கும் படகையோ பற்றி இளைப்பாறலாம். அதனைக் கொண்டு முன்னேறாதிருந்தாற் போதும். உதவி வேண்டுபவன் ஒரு கையை உயர்த்திக் கூவுதல் வேண்டும். கை உயர்த்துதல் இழிவன்று. மார்பு வலி, அடங்காத இருமல், ஓய்ந்தும் தீராத மூச்சுத் திணறல் இவை தோன்றியும் நாணத்தால் கை உயர்த்தாதிருத்தலே பெருந்தவறு.

முயன்றோர் வரலாறு

மெலியோராய்த் தொடங்கி வலியோர் ஆனவர்க்கு மிகிர் சென் சிறந்த எடுத்துக்காட்டு. 1930இல் புருலியாவில் பிறந்த அவர், சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். அங்கே செய்தித்தாளில் சாட்விக் அம்மையாரின் செயலைப் படித்தார். தாமும் கால்வாயைக் கடக்க வேண்டுமென்று உறுதி கொண்டார். அப்பொழுது அவர் நீச்சலில் தேர்ந்தவரல்லர். கை மாற்றி வீசி நீந்தும் முறையை அந்நாட்டிலேதான் ஆசிரியரிடம் செவ்வையாகக் கற்றார். முதல் முயற்சிகள் கைகூடவில்லை. மனந்தளராது மீண்டும் பயின்று, 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், 14 மணி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதனைக் கடந்த முதல் இந்தியர் அவரே. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தமிழ்நாட்டின் தனுஷ்கோடி வரை பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததும் அவரே. அதற்கு 25 மணி 36 நிமிடம் ஆயிற்று.

ஆரதி சாகா என்னும் வங்க மங்கை 1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அக்கால்வாயில் இறங்கினார். எதிர் நீரோட்டத்தால், கரைக்குச் சில மைல்கள் இருக்கும்போதே முயற்சியைக் கைவிட நேர்ந்தது. அவர் வருந்தினாரேயன்றி ஒழிந்தாரல்லர். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் பெருமை பெற்றார். ஆகஸ்டுத் திங்களில் படகேறியிராவிடின், செப்டம்பர்த் திங்களின் வெற்றி அவருக்குக் கிட்டியிராது.

இவற்றால் அறியப்படுவது யாது? அஞ்ச வேண்டுவதற்கு அஞ்சுதல் கோழைமையன்று. அவ்வச்சத்தை ஆசிரியனாகக் கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கற்பவனே துணிவுடையவன். அச்சமே இல்லாதவன் ஆயத்தம் செய்யான். அச்சமே உடையவன் நீரில் இறங்கான். இருவர்க்கும் நடுவே நின்று, தன் அளவறிந்து, காலமறிந்து, துணையோடு இறங்குபவன் கரை சேர்வான். இன்று சேராவிடினும், திரும்பி வந்து மற்றொரு நாள் சேர்வான்.

வினாக்கள்

1. டிரையத்லான் போட்டியில் நீச்சல் முதலில் வைக்கப்படுவதன் பயன் யாது?
2. மூச்சை அடக்கி நீந்துவோர் விரைவில் இளைப்பது ஏன்?
3. குளத்திற்கும் திறந்த நீருக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
4. நடுநீரில் அச்சம் எழுமாயின் செய்யத்தக்கது யாது? அது எவ்வாறு பயன்படும்?
5. 'கை உயர்த்துதல் இழிவன்று' என்பதை ஆரதி சாகாவின் வரலாற்றோடு பொருத்தி ஒரு பத்தி வரைக.